கவிழ்த்து விரித்த பிளக்ஸ்

…சூடாகத்தான் இருக்கிறது, இல்லை, கையே சூடாக இருக்கலாம், இவ்வளவு நேரம் தேநீர்த் தம்ளரைப் பற்றியிருந்த கை, அதன் சாட்சியத்தை நம்பி எதையும் முடிவுகட்டக் கூடாது என்று கவிப்ரியா வலக்கையை வெளியே இழுத்து ஈரத் தரையில் ஊன்றிக் குளிர வைத்தாள். பிறகு இடக்கையைப் பிளக்ஸின் ஓரத்துக்கு அடியில் முழங்கை மறையும் வரை நெல்லுக்குள் நுழைத்தாள். உமியின் சுனை மணிக்கட்டில் அரித்தது. மேலாக ஒரு சாண் குளிர்ச்சி, அதற்குக் கீழே மந்தமான ஒரு வெதுவெதுப்பு, காய்ச்சல் விட்டும் விடாமலும் கிடக்கிற குழந்தையின் வயிற்றைத் தொட்டாற்போல… வெயிலில் காய்ந்த சூடாக இருக்குமோ, வெயில் எங்கே இருக்கிறது, இரண்டு நாளாகச் சூரியனையே காணோமே, தை பிறந்து, ஆராதனைக் கூட்டமும் திருவையாற்றை விட்டுக் கலைந்த பிறகு பெய்ய எந்த மழைக்கும் உரிமையில்லை என்று அப்பா சொல்லிவிட்டு வயலுக்குப் போன அன்றைக்கே பிடித்த மழை, இன்று விடிந்த பிறகுதான் விட்டிருக்கிறது. கொள்முதல் நிலையத்துக் களம் முழுவதும் வரிசையாக நெற்குவியல்கள், ஒவ்வொன்றின் மேலும் ஒரு மூடாக்கு, தார்ப்பாய் உள்ளவர்களுக்குத் தார்ப்பாய், இல்லாதவர்களுக்குப் பழைய பிளக்ஸ்; எங்கோ எப்போதோ நடந்து முடிந்த காதணி விழாக்களும் மஞ்சள் நீராட்டு விழாக்களும் கண்ணீர் அஞ்சலிகளும் நனைந்துகொண்டு படுத்திருந்தன, கும்பிட்ட கைகளும் கறுப்புக் கண்ணாடிகளும் வானத்தைப் பார்த்தபடி. அப்பாவின் குவியல் மட்டும் வெறும் வெள்ளையாக இருந்தது. அதை வெள்ளையாக்கியவள் அவள்தான். இன்றைக்கு அப்பாவின் முறை. கிளார்க் வருவார், ஈரப்பதம் பார்க்கும் மீட்டரில் ஒரு பிடி நெல்லைப் போடுவார், எண் கூடினால் உதட்டைப் பிதுக்கிவிட்டு அடுத்த குவியலுக்கு நகர்ந்துவிடுவார், அப்பாவின் சம்பா முழுவதும் வரிசையின் வாலுக்குப் போகும், வால் என்பது மதகைத் தாண்டிச் சாலை வரை நீண்டு கிடக்கிறது, அதற்குள் அடுத்த மழை வரும் என்று எல்லாருடைய கைபேசியும் சொல்கிறது… அப்பா தேநீர்க் கடைப்பக்கம் போயிருக்கிறார், கிளார்க்கின் வண்டி வருகிறதா என்று பார்த்துவர. அவர் வருவதற்குள் இந்தச் சூடு தணிந்துவிடாதா. தணியாது. அது அவளுக்கு நன்றாகவே தெரியும், தெரிந்திருப்பதுதான் வெட்கக்கேடு.

தணியாது, ஏனென்றால் உள்ளே ஒவ்வொரு மணியும் மூச்சுவிடத் தொடங்கியிருக்கிறது. தண்ணீர் உமியைத் தாண்டியதும் கரு விழித்துக்கொள்ளும், விழித்ததும் ஒரு செய்தியை அனுப்பும், மாவுப் பகுதியைச் சுற்றி ஒற்றை வேலிபோல நிற்கிற உயிரணுக்கள் அந்தச் செய்தியை வாங்கிக்கொண்டு நொதியைச் சுரக்கும், நொதி மாவைச் சர்க்கரையாக்கும், சர்க்கரை எரியும், எரிந்தால் சூடு… கல்லூரியில் துணைப்பாடமாகப் படித்த தாவரவியல், அம்புக்குறிகள் போட்ட ஒரே படம், அதை அவள் எத்தனை முறை வரைந்திருப்பாள், ஆனால் அந்த அம்புக்குறிக்கு ஒரு வெப்பநிலை உண்டு என்றோ, அதைக் கையால் தொட முடியும் என்றோ அப்போது தோன்றியதே இல்லை. போன ஆடியில் நேர்காணலில் அந்தப் பேராசிரியை கேட்டது இதைத்தானே. முதுகலை, உடலியங்கியலும் உயிரணு உயிரியலும், எதற்காக அம்மா இதைப் படிக்க விரும்புகிறாய் என்று கேட்டார், அதற்கு அவள் மனப்பாடம் செய்து வைத்திருந்ததைச் சொன்னாள்; சரி, புத்தகத்தில் இல்லாமல் நீயாகவே கவனித்த ஓர் உயிரியக்கத்தைச் சொல், சின்னதாக இருந்தாலும் போதும் என்றார், மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுப் பொறுமையாகக் காத்திருந்தார். அவள் என்ன சொன்னாள்? மைட்டோகாண்ட்ரியாவின் அமைப்பைச் சொன்னாள். மேலுறை, உள்ளுறை, மடிப்புகள். அந்த அம்மாள் முகத்தில் கோபமில்லை, ஏளனம்கூட இல்லை, தட்டில் பரிமாறியதைத் தொடாமல் எழுந்துவிட்ட விருந்தாளியைப் பார்ப்பதுபோல ஒரு பார்வை, அவ்வளவுதான். நன்றி, போகலாம். நெல் விளைகிற ஊரிலிருந்து வந்த பெண், நாற்றங்காலுக்கு விதை ஊறப்போட்டு மூட்டைக்குள் முளைகட்டுவதை விவரம் தெரிந்த நாளிலிருந்து பார்த்தவள், மூட்டையைத் திறந்தால் ஆவி அடிக்கும், அம்மா அதில் கைவைத்து ‘வந்துடுச்சு’ என்பாள்… அது உயிரியக்கம் என்று அவளுக்கு உறைக்கவில்லை, அது வீட்டு வேலை. இப்போது பதில் கைக்குள் வெதுவெதுப்பாக இருக்கிறது. இதைக் கொண்டுபோய் அடுத்த நேர்காணலில் சொல்லலாமா? ‘என் தகப்பனாரின் நெல்லை நானே நனைத்துக் கெடுத்தேன், அப்போது கவனித்தேன்’ என்றா?

அந்த ஆடியில்தான் அக்கா மகனுக்குக் காது குத்தினார்கள். பேனர் அடிக்கும் பொறுப்பைப் பெரியப்பா மகன் தமிழரசன் எடுத்துக்கொண்டான், அவனுக்கு அது பொறுப்பு இல்லை, கலை. யார் முகம் எந்த வட்டத்துக்குள் வரவேண்டும், யார் பெயருக்குப் பின்னால் என்ன படிப்பு வரவேண்டும் என்று கல்யாணத் தரகரைப்போல எல்லாரையும் தொலைபேசியில் குடைந்தெடுத்தான். அவளைக் கூப்பிட்டபோது நேர்காணல் முடிந்திருந்தது, பட்டியல் வரவில்லை. “உனக்கு என்னா பாப்பா போடறது? வெறும் பி.எஸ்ஸி.னு போட்டா சப்புன்னு இருக்கும். உங்க அக்காவே பி.எட். வச்சிருக்கு.” “எம்.எஸ்ஸி. சேரப் போறேண்ணே, இன்னும் லிஸ்ட்டு வரல.” “சேரப் போறேன்னெல்லாம் பேனர்ல போட முடியுமா? ஊர்ல பாதிப் பேரு சேரப் போறவனுங்கதான். வர்றதுதானே, எம்.எஸ்ஸி.னே போட்டுர்றேன். காசா பணமா?” அவள் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ‘உங்க இஷ்டம்ணே’ என்றாள். அந்த இரண்டு சொற்களை எடுத்து இன்று வரை அவள் பல்லிடுக்கில் வைத்துக்கொண்டிருக்கிறாள், துப்பவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. சித்தி கவிப்ரியா, எம்.எஸ்ஸி., பேனரின் கீழ்ப்பக்க வலது மூலையில், மஞ்சள் சுடிதாரில், பள்ளிக்கூடத்தில் எடுத்த படத்தை வெட்டி ஒட்டி, பின்னால் நயாகரா அருவி. கூட்டுச்சாலையில் அதை நிறுத்திய அன்று அப்பா சைக்கிளை ஓரம் கட்டிவிட்டு அதன்முன் நின்றாராம், நெடுநேரம் நின்றாராம், பேரனின் படத்தைத்தான் பார்க்கிறார் என்று எல்லாரும் நினைத்தார்களாம், அம்மா சொன்னாள், ‘உம் பேரைத்தான்டி எழுத்துக் கூட்டிக்கிட்டு நின்னாரு’ என்று. அதற்கு மறுநாள் பட்டியல் வந்தது. மேலிருந்து கீழே பார்த்தாள், கீழிருந்து மேலே பார்த்தாள், காத்திருப்போர் வரிசையிலும் அவள் பெயர் இல்லை.

அன்றைக்கே சொல்லியிருந்தால் அது ஒரு தோல்வி, அவ்வளவுதான், தோல்வியில் என்ன இழிவு, ஊரில் தோற்காதவர் யார். சொல்லாமல் விட்டதனால் அது பொய்யாயிற்று. பொய்யானதும் அதற்குச் சோறு போட வேண்டியதாயிற்று. தஞ்சாவூரில் விடுதி, காலையில் கல்லூரிக்குப் போவதுபோலப் பையை மாட்டிக்கொண்டு ஓர் இரத்தப் பரிசோதனை நிலையத்துக்குப் போவது, குழாய்களில் பெயர் எழுதி ஒட்டுவது, சுழற்சி எந்திரத்தில் வைப்பது, தெளிந்த நீர்மத்தை மேலாக எடுப்பது. மோசமான வேலை என்று சொல்வதற்கில்லை, மரியாதையான வேலை, அதைச் செய்கிறேன் என்று வீட்டில் சொல்லியிருந்தால் யாரும் கோபித்திருக்கமாட்டார்கள். கூட வேலை செய்கிற ஆசியா அக்காவுக்கு மட்டும் தெரியும். “ஏன்டி, நீ ஒண்ணும் கொலை பண்ணலியே, சீட்டு கெடைக்கலன்னு வாயத் தொறந்து சொல்றதுக்கு என்ன?” “ஆகஸ்ட்ல சேர்ந்துடுவேன்க்கா, அப்ப சரியாப் போயிடும்.” “சேர்ந்தா உங்கப்பா கணக்குல அது ரெண்டாம் வருசமாச்சே, எல்லாரும் முடிக்கிறப்ப நீ மட்டும் எதைச் சொல்லுவ?” அதற்கும் அவள் திட்டம் வைத்திருந்தாள். திட்டமிடுவதில் அவளுக்குக் குறைவே இல்லை. மார்ச்சில் நுழைவுத் தேர்வு, அதற்குள் நரம்புத் தொகுதியும் தசைச் சுருக்கமும் முடித்துவிட வேண்டும், ஏப்ரலில் உயிரணுச் சவ்வு, மே மாதம் நேர்காணலுக்கு. சேர்ந்த பிறகு, ஆய்வுத் திட்டத்துக்காகப் படிப்பை ஓர் ஆண்டு நீட்டித்துவிட்டார்கள் என்று வீட்டில் சொல்வது. முதல் பொய்க்குக் கைத்தாங்கலாக இரண்டாவது பொய், அதைப் பாடத்திட்டத்தோடு சேர்த்துக் கால அட்டவணை போட்டு வைத்திருக்கிறாள், வெட்கமில்லாமல்… இல்லை, வெட்கம் இருக்கிறது, வெட்கத்தைத் தவிர வேறொன்றும் இல்லை. விடுமுறைக்கு ஊருக்கு வந்தால் கூட்டுச்சாலையில் பேருந்தை விட்டு இறங்கும்போது கழுத்தைத் திருப்பிக்கொள்வாள், பேனரை எடுத்துப் பல மாதமாகியும் அந்தக் கழுத்துக்கு இன்னும் அந்தப் பழக்கம் போகவில்லை.

“என்னா மருமவளே, நெல்லுக்கு நாடி பாக்குறியா?” அடுத்த குவியலுக்கு உரியவர் இராஜாங்கம் மாமா, துண்டைத் தலையில் முக்காடாகப் போட்டுக்கொண்டு தன் தார்ப்பாயில் தேங்கிய தண்ணீரைக் கையால் தள்ளிக்கொண்டிருந்தார். அவள் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள், திருட்டு மாங்காயோடு அகப்பட்டவளைப்போல. “சும்மாதான் மாமா.” “பாரு பாரு, நல்லாப் பாரு. ஒங்கப்பன் மூச்சுக்கு முந்நூறு தரம் அதைத்தானே சொல்றான், எம்பொண்ணு எம்.எஸ்ஸி. செல்லு படிக்குது, செல்லு படிக்குதுன்னு. எம் மவன் எந்நேரமும் செல்லுலதான் கெடக்கான், அவனுக்கு எவனும் ஒரு பட்டம் குடுக்கக் காணும்.” அவர் சிரித்தார், அவளும் சிரித்தாள், சிரிக்கும்போது கன்னம் இழுத்தது. முந்நூறு தரமா? அப்பா அப்படிப் பேசுகிறவர் இல்லையே, நெல்லைப் பற்றியே பத்து வார்த்தை பேசினால் அதிகம். முன்பெல்லாம் சொல்லிக்கொண்டிருந்திருப்பார், ஆடி ஆவணியில். பொங்கலுக்கு வந்தபோது அவளிடம் படிப்பைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை, பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்ததா என்று கேட்டார், மெஸ் சாப்பாட்டில் அரிசி நல்ல அரிசியா என்று கேட்டார், அதோடு சரி. களைப்பு என்று அவள் நினைத்துக்கொண்டாள், அறுவடை எந்திரத்துக்கு அலைந்த களைப்பு. கேட்கவில்லையே என்று நிம்மதிகூடப் பட்டாள்.

எல்லாவற்றையும்விட முந்தாநாளின் அந்த மாலை. மழை தூறத் தொடங்கியபோது அப்பா வயலில் நெல்லைக் கடைசி நடை ஏற்றிக்கொண்டிருந்தார், களத்தில் அறுவடைக்கென்று விடுப்பில் வந்திருந்த அவளும் அம்மாவும்தான். அம்மா மாட்டுக்கொட்டகை மேலிருந்த பிளக்ஸைச் சுருட்டிக்கொண்டு வந்திருந்தாள், காற்று ஒரு பக்கம் பிடுங்கியது, விரிக்க விரிக்க முதலில் வந்தது பேரனின் கிரீடம், பிறகு தாய்மாமன்களின் வரிசை. இன்னும் இரண்டு சுருள் விரிந்தால் தன் படமே வெளியே வரும் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. சுற்றிலும் குவியலுக்கு இருவர் மூவராக மனிதர்கள், காலையில் கிளார்க் வருவார், லோடுமேன்கள் வருவார்கள், ஒருவர் இல்லாவிட்டால் ஒருவர் அந்த மூலையைப் படித்துவிட்டு எந்தக் காலேஜும்மா என்று கேட்பார்கள்… அவள் சட்டென்று நுனியைப் புரட்டி முழுவதையும் கவிழ்த்துப் போட்டாள். “ஏன்டி கவுத்துப் போடுற? எப்பவும் படத்தை மேலதான்டி போடுவாரு ஒங்கப்பா.” அப்போது அவள் சொன்ன பதில் இருக்கிறதே, அதை நினைக்கும்போது இப்போதும் காது மடல் எரிகிறது. “பளபளப்பு உள்பக்கம் இருந்தாதாம்மா தண்ணி எறங்காது. சவ்வு மாதிரி. அதுக்கு ஒரு பக்கந்தான் விடும், ஒரு பக்கம் விடாது.” வாய் கூசாமல் சொன்னாள். பெறாத பட்டத்தை மறைப்பதற்கு, அந்தப் பட்டத்தின் அதிகாரத்தையே கையிலெடுத்தாள். அம்மா ஆனந்தவல்லி ஐந்தாம் வகுப்போடு நின்றவள், முந்தானையால் முகத்து நீரைத் துடைத்துக்கொண்டு, “படிச்ச புள்ள சொல்ற, சரியாத்தான் இருக்கும்” என்று தன் பக்கத்து ஓரத்தைப் பிடித்துக் கொடுத்தாள். எந்தச் சந்தேகமும் இல்லாத அந்தக் குரல்… ஒரு சந்தேகம் இருந்திருக்கலாம், ஒரு ‘அப்படியா’ இருந்திருக்கலாம். அந்தப் பிளக்ஸ் அகலம் போதாமல் இரண்டு துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி ஒட்டியது. படம் மேலே இருந்தால் மேல்துண்டின் விளிம்பு ஓட்டுச் சரிவைப்போலத் தண்ணீரை வழியவிடும், கவிழ்த்தால் அதே விளிம்பு வாயைத் திறந்துகொண்டு தண்ணீரை வாங்கிக்கொள்ளும். இதற்கு எம்.எஸ்ஸி. வேண்டாம், கூரை வேய்வதைப் பார்த்திருந்தால் போதும். நேற்று முழுவதும் அந்த ஒட்டின்மேல் தண்ணீர் கோடு கட்டி நின்றதை அவள் பார்த்தாள், பார்த்து, வழிந்துவிடும் என்று தனக்கே சொல்லிக்கொண்டாள், தூறலில் மூடாக்கை எடுக்கக் கூடாது என்று நியாயமும் சொல்லிக்கொண்டாள். படத்தை மேலே திருப்பாமல் இருப்பதற்கு ஆயிரம் நியாயங்கள்.

அப்பா வந்துகொண்டிருந்தார். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, சக்கரத்தில் அப்பிய களிமண்ணை நின்று நின்று குச்சியால் தட்டிவிட்டுக்கொண்டு, எதையும் அவசரப்படுத்தாத அந்த நடை. சொல்லிவிடலாம், இப்போதே சொல்லிவிடலாம், அவர் குவியலைத் தொடுவதற்குமுன் சொல்லிவிட்டால் அதற்கு ஏதாவது மதிப்பு இருக்கும், தொட்ட பிறகு சொன்னால் அது வெறும் ஒப்புதல்… எதைச் சொல்வது, நெல்லையா, படிப்பையா? நெல்லைச் சொன்னால் ஏன் கவிழ்த்தாய் என்பார், ஏன் என்பதற்குப் பதில் சொன்னால் படிப்பு வந்துவிடும், ஒரு நூலை இழுத்தால் சாக்கு முழுவதும் அவிழ்வதுபோல. அதற்குள் அவர் வந்துவிட்டார். “கிளார்க்கு வண்டி ஆத்துப்பாலத்துக்கிட்ட வந்துருச்சு பாப்பா. அந்த ஓரத்தப் புடி, தொறந்து காத்தாட விடுவோம்.” அவள் பிடித்தாள். இருவருமாகத் தூக்கினார்கள், தேங்கிய தண்ணீர் கால்களின்மேல் கொட்டியது, குவியலின் நடுவே நீளமாக ஒரு கரிய பட்டை, வகிடு எடுத்ததுபோல நேராக, அதிலிருந்து ஆவி எழுந்தது. அந்த மணம் அவளுக்குத் தெரிந்த மணம், விதை மூட்டையைத் திறந்தால் அடிக்கிற மணம். அப்பா குனிந்து ஒரு பிடி அள்ளினார். உள்ளங்கையில் விரித்து விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார். மணிகளின் நுனியில் அங்கங்கே வெள்ளையாக மூக்கு நீட்டியிருந்தது, பால்பல் அளவு.

“அடப்பாவி!” என்று இராஜாங்கம் மாமா ஓடி வந்தார். “மொளைச்சே போச்சா? எப்படிய்யா? ஆமா, என்னா இது, வெள்ளப் பக்கம் மேல கெடக்கு, ரெண்டு நாளா எங் கண்ணுலயே படலியே? கோயிந்தராசு, எவன்யா இதைக் கவுத்துப் போட்டவன்? ஒட்டு வாயப் பொளந்துகிட்டுல்ல நிக்குது! கொஞ்சமாச்சும் கூறு இருக்கறவன் செய்வானா?” அப்பா தலை நிமிரவில்லை. “நாந்தான் மாப்ள. இருட்டுல கவனிக்கல.” “நீயா? நாப்பது வருசமாப் படுதா போடுற ஆளா?” “ஆமாங்கிறேன்ல.” அவர் குரல் உயரவில்லை. அந்த மாலையில் அவர் களத்திலேயே இல்லை, அது இராஜாங்கம் மாமாவுக்கும் தெரிந்திருக்கும், தூறலில் அவரும்தானே பக்கத்தில் தன் தார்ப்பாயோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்… அவர் அப்பாவைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், தலைத்துண்டை எடுத்து உதறினார், மீண்டும் போட்டுக்கொண்டார். அந்த இடைவெளிதான் அவளால் தாங்க முடியாததாக இருந்தது. “இல்ல மாமா, அப்பா இல்ல. நாந்தான் கவுத்தேன்.” தன் குரல் இவ்வளவு மெலிதாக வரும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. “அம்மா வேணாம்னுதான் சொன்னாங்க. தண்ணி எறங்காதுன்னு நாந்தான் சொன்னேன். எனக்குத் தெரியாது மாமா, தெரிஞ்ச மாதிரி சொல்லிட்டேன்.” இராஜாங்கம் மாமா ஏதோ கிண்டலாகச் சொல்ல வாயெடுத்தார், எம்.எஸ்ஸி. என்றுதான் அது தொடங்கியிருக்கும், ஆனால் அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டு அதை விழுங்கிக்கொண்டார். அப்பா ஈரப் பட்டையைச் சுற்றி விரலால் ஒரு கோடு கிழித்தார். “இது வரைக்கும் கெட்டுருக்கு. இதத் தனியா வாரிடணும். மிச்சத்தக் கௌறிக் காயவச்சாத்தான் மீட்டருல நிக்கும். இன்னிக்கு ஆவாது. மாப்ள, எம் மொறைய நீ எடுத்துக்க.” “அட, எதுக்குய்யா…” “எடுத்துக்கய்யா, ரெண்டு குமியும் நனையறதுக்கு ஒண்ணாவது ஏறட்டும்.” இராஜாங்கம் மாமா வேண்டாம் என்று இன்னொருமுறை சொல்லவில்லை, சொல்லாததற்காகக் கூச்சப்பட்டவர்போலத் தன் தார்ப்பாயின் முடிச்சுகளை வேகவேகமாக அவிழ்க்கத் தொடங்கினார். வானம் தெற்கே மறுபடியும் கறுத்துக்கொண்டு வந்தது.

அப்பா அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எவ்வளவு ஒழுங்காக இருந்திருக்கும், குற்றம், தண்டனை, கணக்குத் தீர்ந்தது; ‘ஏன் கவுத்த’ என்றாவது கேட்டிருக்கலாம். கேட்கவே இல்லை. ஏன் கேட்கவில்லை? “பிளக்ஸத் திருப்பிப் போட்டு வையி பாப்பா, தூத்தல் வந்தா உடனே இழுக்கணும்” என்றுமட்டும் சொல்லிவிட்டு, ஈர நெல்லை இரு கைகளாலும் வாரிச் சாக்கில் போடத் தொடங்கினார். திருப்பித்தான் ஆகவேண்டும், இனி வழியில்லை, பட்டப்பகலில், கிளார்க்கின் வண்டி வாசலில் திரும்புகிற நேரத்தில். அவள் ஈரத் தரையில் பிளக்ஸை இழுத்துப் புரட்டினாள். பேரனின் கிரீடம், தாய்மாமன்கள், இவ்வளவு வெயிலிலும் மழையிலும் சிரிப்பு மாறாத பெரியம்மா, அக்காவின் பி.எட்., அப்புறம்… அப்புறம் அவள் இல்லை. வலது மூலை இருக்கவேண்டிய இடத்தில் பிளக்ஸ் ஒரு முழத்துக்கு உள்பக்கமாக மடிந்திருந்தது, மடிப்பைக் கோணி ஊசியால் சணல் போட்டுத் தைத்திருந்தது, அருவியின் நுரை மட்டும் விளிம்பில் கொஞ்சம் தெரிந்தது. அந்தத் தையலை அவளுக்குத் தெரியும், நெருக்கமாக, ஒவ்வொரு மூன்றாம் குத்துக்கும் ஒரு முடிச்சு, அப்பா மூட்டை வாய் தைத்தால் ஒரு மணி சிந்தாது. சணல் கறுத்துப் பழுத்திருந்தது, நேற்றுத் தைத்ததில்லை, போன மாதம் தைத்ததும் இல்லை, கார்த்திகை மழை முழுவதையும் குடித்த சணல். அப்படியானால் அவள் கவிழ்த்திருக்கவே வேண்டாம், இன்னும் இரண்டு சுருள் விரித்திருந்தால்… 

“அப்பா,” என்றாள். அவர் சாக்கின் வாயைப் பல்லால் கடித்துப் பிடித்துக்கொண்டிருந்தார், நிமிர்ந்து அவள் கை எங்கே இருக்கிறது என்று பார்த்தார், சாக்கை வாயிலிருந்து விடுவித்தார். “அந்த மடிப்பப் பிரிச்சுடாத பாப்பா. கயிறு கோக்கறதுக்காகத் தச்சது.” மறுபடியும் குனிந்து நெல்லை வாரினார். கயிறு கோப்பதற்காக. இருக்கலாம், எல்லாரும் ஓரத்தை மடித்துத் தைத்துக் கயிறு கோப்பதுதான், காற்றில் கிழியாமல் இருக்கும், இதில் என்ன இருக்கிறது… அவள் கயிற்றின் நுனியைத் தேடி எடுத்துக்கொண்டு மடிப்பின் பக்கத்தில் உட்கார்ந்தாள், இந்த முனையில் விரலை விட்டுப் பார்த்தாள், பிறகு அந்த முனைக்கு நகர்ந்து அங்கும் விட்டுப் பார்த்தாள், இரண்டு முனையும் அதே நெருக்கமான தையலில் மூடிக்கிடந்தன. கை இன்னும் வெதுவெதுப்பாகவே இருந்தது. கார்த்திகையில் என்றால், பொங்கலுக்கு அவள் வந்து உட்கார்ந்து, நரம்புத் தொகுதி முடித்துவிட்டேன் அப்பா, நல்ல மார்க் வரும் என்று சொன்னபோது, இலையிலிருந்து தலையைத் தூக்காமல் ‘சாப்புடு, ஆறிடும்’ என்று அவர் சொன்னது…